மோட்டார் பாட்டரியைப் பரீட்சிக்கும் முறை

அவிநாசி வட்டாரத்துச் சங்க அங்கத்தினர்களில் பலர், நூற்கட்டுகளையும் பனியன் மூட்டைகளையும் ஏற்றிச் செல்லும் மோட்டார் வண்டிகளைக் கொண்டு ஜீவனம் நடத்துகிறார்கள். அவர்களுள் ஒருவரது வண்டி சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் காலையில் கிளம்பவில்லை. பாட்டரி போய்விட்டதென்று யாரோ கூறியதை நம்பி, அவர் புதிதொன்று வாங்கினார். கடன் தவணைக்கென வைத்திருந்த பணம் அதற்கே செலவாயிற்று. பத்தே நாளில் புதிய பாட்டரியும் அடங்கிவிட்டது. பழுது பாட்டரியில் இல்லை. அதற்கு மின்சாரம் ஊட்டும் ஆல்டர்னேட்டரின் பெல்ட் தளர்ந்திருந்தது. தவணை தவறிய காரணத்தை விசாரித்தபோதே இது எனக்குத் தெரியவந்தது.

காரீயத் தகடுகளும் கந்தகத் திராவகமும் கொண்ட இவ்வகைப் பாட்டரியை 1859-ஆம் ஆண்டில் பிரான்ஸ் தேசத்துக் காஸ்டன் பிளாண்டே கண்டுபிடித்தார். 12 வோல்ட் பாட்டரியில் ஆறு அறைகள் உண்டு. மின்சாரம் செலவாகச் செலவாகத் தகடுகளில் ஒருவித வெண்படிவு உண்டாகித் திராவகம் நீர்த்துப்போகும். மின்சாரம் ஏற்றினால் அப்படிவு கரையும். நெடுநாள் ஏற்றாமல் விட்டால் படிவு இறுகித் தகடுகள் பயனற்றுப்போம்.

முதலாவது, முனைகளைப் பார்க்கவேண்டும். பூத்திருந்தால் துடைத்துக் கவ்விகளை இறுக்குக. மூடி திறக்கும் வகையாயின், திராவகம் தகடுகளுக்குக் கீழே இறங்கலாகாது. குறைந்தால் வாலைநீரே வார்க்கவேண்டும்; உப்புக் கலந்த கிணற்று நீர் ஆகாது. ஹைட்ரோமீட்டரால் அளந்தால், நிறைந்த அறை 1.25 முதல் 1.28 வரை காட்டும். ஓர் அறை மட்டும் மற்றவற்றைவிட 0.05-க்குமேல் குறைந்தால் அவ்வறை கெட்டதெனக் கொள்ளலாம்.

இரண்டாவது, இரவு முழுதும் நின்ற வண்டியில், கிளப்புமுன் வோல்ட் மீட்டரை முனைகளில் வைக்கவேண்டும். 12.6 வோல்ட் நிறைவு, 12.2 ஏறக்குறையப் பாதி. 12-க்குக் கீழ் பெரும்பாலும் காலி. காலியான பாட்டரி யாவும் கெட்டதன்று. மின்சாரம் ஏற்றி மறுபடி பரீட்சிக்க.

மூன்றாவது, நிறைய ஏற்றிய பாட்டரி, எஞ்சினைக் கிளப்பும் தருணத்தில் 9.6 வோல்ட்டுக்குக் கீழ் இறங்குமாயின் பெரும்பாலும் வலுவிழந்ததாகும்.

நான்காவது, எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்டவேண்டும். காட்டாவிடில் ஆல்டர்னேட்டரையும் பெல்ட்டையும் கம்பிகளையும் சோதிக்கவேண்டும். மேற்கூறிய அங்கத்தினர் இதைச் செய்திருந்தால் தவணை தவறியிராது.

மின்சாரம் ஏறும்போது தீப்பற்றும் வாயு வெளிப்படும். அருகில் பீடி, தீக்குச்சி கூடாது. திராவகம் மேலே பட்டால் உடனே நிறைய நீர்விட்டுக் கழுவுக. காரீயம் நஞ்சாதலால், பழைய பாட்டரியைக் குப்பையில் எறியாமல் விற்பனையாளரிடம் திருப்பித் தருக.

ஒரு வோல்ட் மீட்டரும் ஒரு ஹைட்ரோமீட்டரும் புதிய பாட்டரியின் விலையில் சிறு பங்கே. வண்டி வைத்திருக்கும் அங்கத்தினர் சிலர் கூடி வாங்கிச் சங்கக் கட்டடத்தில் வைத்தால் அனைவருக்கும் பயன்படும். பரீட்சைக்குப் பின்னரே பணம் செலவிடுவது சிக்கனத்தின் முதற்படியாகும்.