குழாயின் உள்ளே இருப்பது என்ன?

மூடிய பிறகும் சொட்டிக்கொண்டிருக்கும் குழாய் ஒன்றேனும் இல்லாத வீடு நம் அங்கத்தினர்களிடையே குறைவு. அதன் அடியில் ஒரு லிட்டர் பாத்திரத்தை வைத்துப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் அது நிரம்புமானால் நாளொன்றுக்கு 24 லிட்டர், 30 நாட்களில் 720 லிட்டர் நீர் வீணாகிறது. 2019-ஆம் ஆண்டில் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமவாசி ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்றே அளவு வகுக்கப்பட்டது. அதில் பாதிக்குச் சற்றுக் குறைந்த நீர் ஒரே குழாயில் போய்விடுகிறது.

கடையில் நாம் பார்ப்பது குழாயின் மேற்பூச்சை. ஒழுகுவதோ உள்ளே இருக்கும் அடைப்பான். வீட்டுக் குழாய்களில் இது பெரும்பாலும் இரண்டு வகைப்படும்.

முதலாவது, நாம் நெடுங்காலமாக அறிந்த வாஷர் வகை. கைப்பிடியைப் பலமுறை சுற்ற, மரையுள்ள தண்டு கீழிறங்கி, தன் முனையிலுள்ள வாஷரை நீர் வரும் துவாரத்தின் விளிம்பில் அழுத்தி அடைக்கும். முற்காலத்தில் குளிர்ந்த நீருக்குத் தோல் வாஷரும் வெந்நீருக்கு ஃபைபர் வாஷரும் போட்டார்கள். பின்னர் ரப்பர் வந்தது. வாஷர் தேய்ந்தால் சொற்பச் செலவில், ஒரு ஸ்பேனரைக் கொண்டு, வீட்டாரே மாற்றிவிடலாம். ஆனால் சொட்டுகிறதே என்று பலங்கொண்ட மட்டும் திருகுவது பெருந்தவறு. வாஷர் நசுங்குவதோடு, இடையில் அகப்பட்ட மணல் பித்தளை விளிம்பிலும் பள்ளம் உண்டாக்கும். அதன் பிறகு எத்தனை புதிய வாஷர் போட்டாலும் ஒழுக்கு நிற்காது. அந்த விளிம்பையே தேய்த்துச் சமன் செய்ய வேண்டும். இவ்வகை வாங்குவோர் ஐ.எஸ். 781 என்னும் தர எண் உண்டா என்று கேட்டு வாங்குவது நலம்.

இரண்டாவது, செராமிக் டிஸ்க் வகை. கடைக்காரர்கள் இதைக் 'குவார்ட்டர் டர்ன்' என்பார்கள். வழவழப்பாகத் தீட்டப்பட்ட இரண்டு பீங்கான் வில்லைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். மேல் வில்லை கால் சுற்றுத் திரும்பும்போது இரண்டின் துவாரங்களும் நேராகி நீர் வரும், திருப்பினால் நின்றுவிடும். பலம் வேண்டியதில்லை. முதியோரும் குழந்தைகளும் எளிதில் மூடலாம். சாயம் படிந்த கையினர் முழங்கையாலேயே தள்ளிவிடலாம். தெளிந்த நீரில் பல்லாண்டு உழைக்கும்.

தெளிந்த நீரில் என்பதைக் கவனிக்க. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நெசவாளர் சங்கத்தை ஆய்வு செய்யச் சென்றிருந்தேன். சாயச் சாலையில் விலையுயர்ந்த புதுக் குழாய்கள் ஆறு மாதங்களுக்குள் ஒழுகத் தொடங்கியதால், மட்டமான சரக்கை வாங்கிவிட்டதாகச் செயலாளர்மீது பொதுக்குழுவில் புகார் எழுந்திருந்தது. நானும் முதலில் ரசீதுகளைத்தான் புரட்டினேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கணக்கில் குறையில்லை. பிறகு ஒரு வாளியில் நீர் பிடித்துச் சற்று நேரம் வைத்தோம். அடியில் மாவு போன்ற மணல் படிந்தது. ஆழ்குழாய் நீர் தொட்டியில் தங்காமல் மோட்டாரிலிருந்து நேரே குழாய்க்கு வந்துகொண்டிருந்தது. வில்லைகளுக்கிடையே புகுந்த மணல் அவற்றைக் கீறிவிட்டது. சாயச் சாலைக்குப் பழைய வாஷர் குழாய்களே மீண்டும் வந்தன. தொட்டி நீர் வரும் அலுவலகத்தில் செராமிக் குழாய் தொடர்ந்தது.

ஆகவே முதலில் வாளிச் சோதனை செய்யுங்கள். மணல் கண்டால் வாஷர் வகை, அல்லது குழாய்க்கு முன் ஒரு வடிகட்டி. வீட்டு மாடியிலுள்ள தொட்டி, குழாய்க்கு 3 மீட்டர் உயரத்தில் மட்டும் இருந்தால் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 0.3 கிலோதான் கிடைக்கும். வழி சிறிதாகவுள்ள சில செராமிக் வகைகளில் அப்போது நீர் மெலிந்து வரும். ஒன்றை மட்டும் வாங்கிப் பொருத்திப் பார்த்துவிட்டு மற்றவற்றை வாங்குக. தோட்டத்துக்கும் தொட்டி வாய்க்கும் பால் வால்வு போதும். ஆனால் அதைப் பாதி திறந்து வைத்துப் பழகக் கூடாது.

புது இணைப்பானால், குழாயைப் பொருத்துமுன் நீரைச் சற்று நேரம் திறந்துவிட்டு, உள்ளே தங்கிய துருவையும் சிமெண்டையும் வெளியேற்றிவிட வேண்டும். செராமிக் வகையில் பழுது நேர்ந்தால் உட்பகுதி முழுவதையும் மாற்ற நேரிடும். அதன் அளவோ கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். குழாய் வாங்கும் நாளிலேயே அதற்குரிய உட்பகுதி ஒன்றையும் கூடவே வாங்கி, ரசீதோடு பத்திரப்படுத்திக் கொள்ளுங்கள்.