பெரிய படமும் பழைய கணினியும்

இரத்தோட்டைப் பக்கத்திலோ எல்கடுவைப் பக்கத்திலோ உள்ள ஒரு தோட்டத்து இளைஞர் வேலைக்கு விண்ணப்பிக்கிறார். பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் கைத்தொலைபேசியில் படமெடுத்து இணையத்தில் ஏற்றப் பார்க்கிறார். படம் தெளிவாகத்தான் விழுந்திருக்கிறது. ஆனால், கோப்பு அளவுக்கு மிஞ்சியது என்று இணையத்தளம் திருப்பி விடுகிறது. மறுபடி எடுக்கிறார், மறுபடியும் திரும்புகிறது. கடைசியில் பஸ் ஏறி மாத்தளை நகருக்கு வந்து, ஒரு கொமியூனிகேஷன் கடையில் காசு கொடுத்துப் படத்தைச் 'சின்னதாக்கி' வாங்கிக்கொண்டு போகிறார். அன்றைய நாட்சம்பளமும் போய்விடுகிறது.

இந்த வேலைக்கு உண்மையில் செலவே இல்லை என்பதை எமது வாசகர்கள் அறிய வேண்டும். பங்கு அலுவலகத்திலோ மாதர் சங்கத்திலோ மூலையில் கிடக்கும் பழைய கணினி ஒன்று இதற்குப் போதும்.

முதலில், படம் ஏன் இவ்வளவு பெரிதாகிறது என்று பார்ப்போம். இன்றைய சாதாரணக் கைத்தொலைபேசியில் எடுக்கும் படம் ஒன்று அகலத்தில் 4000 புள்ளிகளும் உயரத்தில் 3000 புள்ளிகளும் கொண்டதாக இருக்கலாம். பெருக்கினால் 1 கோடியே 20 இலட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறிக்க மூன்று பைட் தேவை. அப்படியே சேமித்தால் 3 கோடியே 60 இலட்சம் பைட் ஆகும். 1992 இல் உலகத் தரமாக ஏற்கப்பட்ட ஜேபெக் என்னும் முறை, கண்ணுக்கு எளிதில் தெரியாத விபரங்களை விட்டுவிட்டு இதனை 3, 4 மெகாபைட் அளவுக்குச் சுருக்கித் தருகிறது. அதுவும் பல விண்ணப்பத் தளங்களுக்கு அதிகம். அதே படத்தை 1200க்கு 900 என்று குறைத்தால் புள்ளிகள் பதினொன்றில் ஒரு பங்காகின்றன. கோப்பும் பெரும்பாலும் சில நூறு கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். சான்றிதழின் பெரிய எழுத்துக்களை வாசிக்க அது போதும். பொடி எழுத்து இருந்தால் 1600 வரை வைத்துக்கொள்ளலாம்.

இப்படிக் குறைத்துத் தரும் இலவச மென்பொருள்கள் பல உண்டு. விண்டோஸுடன் கூடவே வரும் பெயின்ட் கூட ஒவ்வொரு படமாகக் குறைத்துத் தரும். ஆனால், நாம் இங்கு சிபாரிசு செய்வது இர்ஃபான்வியூ என்பதனை. பொஸ்னியாவின் யாய்ட்சே நகரில் பிறந்து, வியன்னாவில் கணினித்துறை கற்ற இர்ஃபான் ஸ்கில்யான் என்பவர் 1996 இல் இதனை வெளியிட்டார். அன்றுமுதல் இன்றுவரை அவரே இதனைத் திருத்தியும் புதுக்கியும் வருகிறார். பெரிய கம்பனிகளின் படத் தொகுப்பு மென்பொருள்கள் நூற்றுக்கணக்கான, சில ஆயிரக்கணக்கான மெகாபைட் இடத்தை விழுங்கும்போது, இது ஒருசில மெகாபைட்டில் அடங்கிவிடுகிறது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்துக் கணினியிலும் ஓடும்.

இதன் உரிமக் குறிப்பையும் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் 'இலவசம்' என்ற சொல்லை நம்மவர்கள் கொஞ்சம் தாராளமாகவே விளங்கிக்கொள்கிறார்கள். வீட்டு உபயோகத்துக்கும், பாடசாலை, பல்கலைக்கழகம், நூதனசாலை, நூலகம் ஆகியவற்றுக்கும், தொண்டு மற்றும் மனிதாபிமான நிறுவனங்களுக்கும் இது இலவசம். ஆகவே, எம்மைப் போன்ற கிராம அபிவிருத்தி அலுவலகங்கள் தாராளமாகப் பாவிக்கலாம். படப்பிடிப்பு நிலையமோ கொமியூனிகேஷன் கடையோ வியாபாரத்துக்குப் பாவிப்பதாயின் பதிவுக் கட்டணம் செலுத்த வேண்டும். தனியொரு மனிதரின் உழைப்புக்கு அந்தச் சிறு தொகையைக் கொடுப்பது நியாயமே.

பாவிக்கும் முறை சிரமமில்லை. ஒரு படத்தைத் திறந்து, கொன்ட்ரோல் விசையுடன் ஆர் எழுத்தை அழுத்தினால் அளவு கேட்கும் பெட்டி வரும். அகலத்தை மட்டும் எழுதினால் உயரம் தானாக அமையும். அகல உயர விகிதத்தைக் காக்கும் அடையாளம் அங்கே இடப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆள் குள்ளமாகவோ நெட்டையாகவோ தெரிவார். பின்பு வேறு பெயரில் சேமிக்க வேண்டியதுதான்.

இதன் அருமை பல படங்களை ஒன்றாகக் குறைக்கும்போதுதான் தெரியும். மழையில் கூரை பிய்ந்த லயன் அறைகளைக் களப்பணியாளர் ஒருவர் 40 படங்கள் எடுத்து வந்தால், ஒன்று 4 மெகாபைட் வீதம் 160 மெகாபைட். ஜிமெயில் ஒரு மடலில் 25 மெகாபைட்டுக்கு மேல் ஏற்காது. பி எழுத்தை அழுத்தினால் தொகுதியாக மாற்றும் பெட்டி திறக்கிறது. 40 படங்களையும் சேர்த்து, நீண்ட பக்கம் 1200 புள்ளிகள் என்று கொடுத்து, வெளியீட்டுக்கு வேறொரு கோப்புறையைக் காட்டிவிட்டால், சற்று நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். ஒவ்வொன்றும் 300 கிலோபைட் என்று கொண்டால் மொத்தம் 12 மெகாபைட். ஒரே மடலில் போய்ச் சேரும். டேட்டாவும் மிச்சம். வேறு கோப்புறை என்பதை மறக்க வேண்டாம். அதே கோப்புறையில் மேலெழுத விட்டால் மூலப் படங்கள் போனது போனதுதான்.

மூலப் படத்தைக் காப்பதில் நமது பக்கங்களில் பெரும் அலட்சியம் உண்டு. எமது இதழுக்கு அன்பர்கள் அனுப்பும் படங்களில் பல, வட்ஸ்அப் வழியாகச் சுருங்கி வந்தவை. திரையில் அழகாக இருக்கும், அச்சில் மங்கிவிடும். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும். 6 அங்குல அகலப் படத்துக்கு 1800 புள்ளிகள். அனுப்புவதற்குச் சிறிய பிரதி, வைத்துக்கொள்வதற்குப் பெரிய மூலம் என்பதே முறை. வட்ஸ்அப்பில் அனுப்பியே ஆகவேண்டுமென்றால், படமாக அல்லாமல் ஆவணமாக இணைத்தால் சுருங்காது. ஜேபெக் படத்தைத் திருத்தித் திருத்திச் சேமிக்கும் ஒவ்வொரு தடவையும் சிறிது தெளிவு குறையும் என்பதையும் மனதில் வைக்க வேண்டும்.

இது வெறும் அழகுக்கான கவலையன்று. எமது மக்களில் பலருடைய தகரப் பெட்டிகளில் 1948க்குப் பின்னரான பிரஜாவுரிமை அலைச்சலின் காகிதங்கள் இன்னும் கிடக்கின்றன. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ்ப் பெற்ற கடிதங்கள், கடவுச்சீட்டுகள், பதிவுச் சான்றுகள், இந்தியாவுக்குப் போன உறவினர் விட்டுச்சென்ற குடும்பப் படங்கள். 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் பிரஜாவுரிமைப் பிரச்சினையைத் தீர்க்க வழிசெய்தது உண்மை. ஆயினும் பெயர் எழுத்துப் பிழைக்கும் பிறந்த திகதித் திருத்தத்துக்கும் பழைய காகிதம் இன்றும் கேட்கப்படுகிறது. கறையானும் ஈரமும் அதற்குக் காத்திருப்பதில்லை. இவற்றைப் பகல் வெளிச்சத்தில், நிழல் விழாமல், முழு அளவில் படமெடுத்து இரண்டு இடங்களில் வைக்க வேண்டும். குறைத்த பிரதியை மட்டும் வைத்துவிட்டு மூலத்தை அழித்தால், மங்கிய முத்திரையை நாளைக்குப் பெரிதாக்கிப் பார்க்க வழியிராது.

மிளகுச் செய்கையாளருக்கும் ஒரு சொல். இலையில் கண்ட நோயைப் படமெடுத்து விவசாய உத்தியோகத்தருக்கோ, மாத்தளையிலேயே உள்ள ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையத்துக்கோ காட்ட விரும்பினால், முழுப் படத்தையும் குறைக்காதீர்கள். நோயுள்ள பகுதியை மட்டும் வெட்டியெடுங்கள். புள்ளியின் விளிம்பும் நிறமும்தான் அங்கே பார்க்கப்படும். இர்ஃபான்வியூவில் சுட்டியால் ஒரு பெட்டி வரைந்து, கொன்ட்ரோலுடன் வை எழுத்தை அழுத்தினால் அந்தப் பகுதி மட்டும் மிஞ்சும்.

ஐபோன் வைத்திருப்போர் வேறொரு தொல்லையைச் சொல்வார்கள். 2017 முதல் அக்கருவிகள் ஹெயிக் என்னும் முறையில் படங்களைச் சேமிக்கின்றன. பழைய கணினிகள் அதனைத் திறக்க மறுக்கும். கமராவின் அமைப்புகளில் எல்லாவற்றுக்கும் பொருந்தும் வடிவத்தைத் தெரிவுசெய்தால் அதன்பின் எடுப்பவை ஜேபெக்காகவே விழும்.

'இலவசமாகப் படத்தைக் குறைத்துத் தருகிறோம்' என்று இணையத்திலேயே செய்துதரும் தளங்களும் நிறைய உண்டு. ஒரு பூவின் படத்துக்கு அது சரி. அடையாள அட்டையையும், வங்கிப் புத்தகத்தையும், பிள்ளைகளின் படங்களையும் முகந்தெரியாதவர்களின் கணினிக்கு அனுப்புவதை நாம் ஏற்கவில்லை. இர்ஃபான்வியூ போன்றவை எமது கணினிக்குள்ளேயே, இணையத் தொடர்பு இல்லாமலே வேலை செய்கின்றன. இன்னொன்று: கைத்தொலைபேசி சில வேளைகளில் படம் எடுத்த இடத்தையும் நேரத்தையும் படத்துக்குள்ளேயே எழுதி வைக்கிறது. வீட்டு வன்முறையிலிருந்து தப்பிவந்த பெண்ணின் படமோ சிறுவர் இல்லத்துப் பிள்ளையின் படமோ அப்படி வெளியே போகக்கூடாது. ஜேபெக்காகச் சேமிக்கும் பெட்டியில் எக்ஸிஃப் விபரங்களை வைத்திருக்கும் அடையாளத்தை எடுத்துவிட்டால் அந்தக் குறிப்புகள் பிரதியில் இரா.

மென்பொருளை அதன் சொந்த இணையத்தளத்திலிருந்தே இறக்க வேண்டும். தேடும்போது பச்சை நிறப் பெரிய 'டவுன்லோட்' பொத்தான்களுடன் விளம்பரங்கள் முன்னே வந்து நிற்கும்; அவற்றை அழுத்தினால் வேறு ஏதேதோ கணினிக்குள் குடியேறும். ஒருவர் இறக்கியதைப் பென் டிரைவில் போட்டு அடுத்த பங்குக்குக் கொடுப்பதற்குத் தடையில்லை. நிறுவியபின் திரையில் வரும் நசுங்கிய சிவப்புப் பூனையைக் கண்டு பயப்பட வேண்டாம். அதுதான் அதன் சின்னம்.