இரட்டைக் கருப்பமும் படுக்கை ஓய்வும்

கருப்பையில் ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகள் வளர்கின்றன என்று அறிந்தவுடன், அத்தாயைப் படுக்கையிலேயே இருக்கச் செய்யவேண்டும் என்னும் கருத்து நம் நாட்டில் இன்றும் பரவலாக நிலவுகின்றது. நல்லெண்ணத்தோடு கூறப்படும் இவ்வறிவுரை தாய்க்கும் சேய்க்கும் மெய்யாகவே நன்மை தருகின்றதா என்பதைத் தாய்மாரோடு நேரில் பழகும் களப்பணியாளரும், ஊர்மக்கள் யோசனை கேட்க நாடும் ஆசிரியரும் அறிந்திருத்தல் நலம்.

முந்திப் பிறத்தலின் இடர்

ஒற்றைக் கருப்பம் ஏறத்தாழ 40 வாரங்களில் நிறைவுறும். 37 வாரங்கள் முடியுமுன் நிகழ்வது குறைமாதப் பேறு எனப்படும். இரட்டைக் குழந்தைகளுள் பாதிக்கு மேற்பட்டவை 37 வாரங்களுக்கு முன்பே பிறக்கின்றன. மூன்று குழந்தைகள் ஒருங்கே இருப்பின் பேறு இன்னும் முந்துகின்றது. இக்குழந்தைகளுக்கு நுரையீரல் முதிர்ந்திராது. உடற்சூடு எளிதில் குறையும். பால் உறிஞ்சும் வலிமை போதாது. நோய்த்தொற்றும் எளிதில் பற்றும். தாய்க்கும் இரத்தசோகை, உயர் இரத்த அழுத்தம், பேற்றுக்குப் பின் மிகுந்த குருதிப்போக்கு ஆகிய இடர்கள் ஒற்றைக் கருப்பத்தைவிட மிகுதி.

நம்பிக்கையும் சோதனையும்

நிற்கும்போதும் நடக்கும்போதும் கருவின் பாரம் கருப்பையின் வாயை அழுத்துமென்றும், படுத்திருந்தால் அவ்வழுத்தம் நீங்கிப் பேறு தள்ளிப்போகுமென்றும் முற்காலத்தில் எண்ணினர். ஆதலின் பல நாடுகளில் இரட்டைக் கருவுற்ற தாய்மாரைப் பேற்றுக்குப் பல வாரங்கள் முன்பே மருத்துவமனையில் சேர்ப்பது வழக்கமாயிற்று. அவர்களுட் பலர் நலமாகப் பெற்றெடுத்ததைக் கண்டு, நலத்திற்குப் படுக்கையே காரணம் என்று முடிவு செய்தனர். ஆனால் படுக்கையின்றியே அத்தாய்மார் நலமாகப் பெற்றிருக்கக் கூடுமல்லவா? இவ்வினாவிற்கு விடை காண, ஒத்த நிலையிலுள்ள தாய்மாரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவுகளாக்கி, ஒரு பிரிவினரை மட்டும் படுக்கையில் வைத்து ஒப்பிடுதல் வேண்டும்.

அத்தகைய சோதனையொன்று ஜிம்பாப்வே நாட்டின் தலைநகராகிய ஹராரேயில் நடத்தப்பட்டு, 1985-ஆம் ஆண்டில் அதன் முடிவு வெளியாயிற்று. இரட்டைக் கருவுற்ற 212 தாய்மார் அதில் இடம் பெற்றனர். ஒரு பிரிவினர் 32-ஆம் வாரம் முதல் மருத்துவமனையில் படுக்கை ஓய்வில் வைக்கப்பட்டனர். மறு பிரிவினர் வீட்டிலேயே இருந்தனர். படுக்கையில் இருந்தோர்க்குக் கருப்பக் காலம் நீளவில்லை. குறைமாதப் பேறு அவர்களிடையேதான் மிகுந்து காணப்பட்டது. பின்னர் இத்தகைய சோதனைகள் பலவும் ஒருங்கே தொகுத்து ஆராயப்பட்டன. 2017-இல் வெளியான தொகுப்பாய்வில் 6 சோதனைகளைச் சேர்ந்த 636 தாய்மாரின் விவரங்கள் அடங்கியுள்ளன. படுக்கை ஓய்வு மிக முந்திய பேற்றையோ குழந்தை இறப்பையோ குறைத்தது என்பதற்கு அதிலும் சான்று கிட்டவில்லை. ஆதலின், இரட்டைக் கருப்பம் என்ற ஒரே காரணத்திற்காகத் தாயைப் படுக்கையில் இருத்துவது இன்று பரிந்துரைக்கப்படுவதில்லை.

படுக்கையால் விளையும் கேடு

பயனில்லையெனினும் தீங்கில்லையே என்று சிலர் கூறலாம். அது சரியன்று. கருவுற்ற காலத்தில் குருதி இயல்பாகவே எளிதில் உறையும் தன்மை பெறுகின்றது. அசைவின்றிக் கிடந்தால் கால் நாளங்களில் குருதி உறைந்து, அவ்வுறைகட்டி நுரையீரலை அடைந்து உயிரைப் பறிக்கவும் கூடும். தசைகள் மெலிகின்றன, எலும்பின் உறுதி குன்றுகின்றது, மனச்சோர்வு மிகுகின்றது. கூலிவேலை செய்யும் குடும்பத்தில் வருவாய் குறைந்து, தாய்க்குக் கிடைக்கவேண்டிய உணவே சுருங்குவதும் உண்டு. வீட்டு வேலைக்காக மூத்த பெண் பள்ளியினின்று நிறுத்தப்படுவதை ஆசிரியர் அறிவர். இவை யாவற்றினும் பெரிய கேடு, படுத்திருப்பதே காவல் என்று நம்பி, அபாய அறிகுறிகளைப் பொருட்படுத்தாது விடுவதாகும்.

கடும் உழைப்பைக் குறைப்பதும், களைப்புற்றபோது இளைப்பாறுவதும் தக்கனவே. பாரம் சுமத்தல், நெடுநேரம் நின்று வேலை செய்தல் ஆகியவற்றைத் தவிர்க்கலாம். வீட்டினுள் நடமாடுதலையும் இலகுவான வேலைகளையும் தடுக்க வேண்டுவதில்லை.

மருத்துவமனை தேவைப்படும் நிலைகள்

மருத்துவமனையே வேண்டாம் என்று இதனைப் பொருள் கொள்ளலாகாது. உயர் இரத்த அழுத்தம், குருதிப்போக்கு, பனிக்குடம் உடைதல், முந்திய பேற்றுவலி ஆகியவை தோன்றின் தாயை உடனே சேர்த்தல் வேண்டும். குழந்தைகள் இரண்டும் ஒரே நச்சுக்கொடியைப் பகிர்ந்திருந்தால், ஒன்றின் குருதி மற்றொன்றுக்கு மிகையாகச் சென்று இரண்டிற்கும் ஊறு நேரலாம். இதனை 11 முதல் 14 வாரங்களுக்குள் செய்யப்படும் ஸ்கேன் பரிசோதனையே நன்கு காட்டும். அரிதாக இரண்டும் ஒரே பனிக்குடத்தில் இருப்பின் தொப்புள்கொடிகள் பின்னிக்கொள்ளக் கூடும். அந்நிலையில் மருத்துவமனையில் தங்கச் செய்வது குழந்தைகளின் இதயத் துடிப்பை அடிக்கடி கண்காணிப்பதற்காகவே.

விரைந்து வருதலின் பயன் பெரிது. 24 முதல் 34 வாரங்களுக்குள் பேற்றுவலி தொடங்கினால், குழந்தையின் நுரையீரல் விரைவில் முதிர்வதற்காக டெக்ஸாமெத்தசோன் மருந்து 6 மில்லிகிராம் வீதம் 12 மணிக்கு ஒருமுறை 4 ஊசிகளாகச் செலுத்தப்படுகின்றது. இதற்கான செயல்முறை வழிகாட்டுதலை இந்திய அரசு 2014-இல் வெளியிட்டது. அம்மருந்து முழுப்பயன் தருவதற்கு ஏறத்தாழ ஒரு நாள் வேண்டும். தாய் சில மணி நேரம் முந்தி வந்தாலும் அது குழந்தைக்கு ஆதாயமே.

செய்யவேண்டுவன

1. வயிறு மாதக் கணக்கிற்கு மேல் பெருத்திருப்பின் ஸ்கேன் பரிசோதனைக்கு அனுப்புக. 2016-இல் தொடங்கிய பிரதமரின் பாதுகாப்பான தாய்மை இயக்கத்தின்படி ஒவ்வொரு மாதமும் 9-ஆம் நாளன்று அரசு நிலையங்களில் இலவசப் பரிசோதனை நடைபெறுகின்றது.

2. ஒவ்வொரு வருகையிலும் இரத்த அழுத்தத்தை அளந்திடுக. இரத்தசோகையைப் பரிசோதித்து, இரும்புச்சத்து மாத்திரைகள் தவறாது உட்கொள்ளப்படுகின்றனவா என்று காண்க.

3. அபாய அறிகுறிகளைத் தாய்க்கு மட்டுமன்றிக் கணவர்க்கும் மாமியார்க்கும் எடுத்துரைக்க. விட்டுவிட்டு வயிறு இறுகுதல், இடுப்புவலி, நீர் அல்லது குருதி கசிதல், கடுந்தலைவலி, பார்வை மங்கல், முகவீக்கம், குழந்தைகளின் அசைவு குறைதல் ஆகியவை அவற்றுட் சில.

4. எந்த மருத்துவமனை, எவ்வூர்தி, உடன் செல்வோர் யார் என்பதை 28-ஆம் வாரத்திற்குள் முடிவு செய்யச் சொல்லுக. பச்சிளங்குழந்தைச் சிகிச்சைப் பிரிவுள்ள மருத்துவமனையே ஏற்றது. அரசு மருத்துவமனைக்குச் செல்லும் ஊர்திக்குக் கட்டணமில்லை.

5. மருத்துவர் குறிப்பிட்ட நோய்க்காக ஓய்வு விதித்திருப்பின் அதனை மாற்ற முற்படாதீர். காரணத்தையும் கால அளவையும் அவரிடமே கேட்டறிய உதவுக.

இரட்டைக் கருவுற்ற தாயின் வீட்டிற்குச் செல்லும் பணியாளர், அவர் எத்தனை மணி நேரம் படுத்திருக்கிறார் என்று வினவுவதை விடுத்து, அடுத்த பரிசோதனை எந்நாள் என்றும், இரவில் வலி கண்டால் யாரை அழைப்பார் என்றும் வினவுதல் வேண்டும். இவ்விரு வினாக்களுக்கும் வீட்டார் தயங்காது விடை கூறுவராயின், அத்தாய்க்கு வேண்டிய காப்பில் பெரும்பகுதி அமைந்துவிட்டதெனக் கொள்ளலாம்.