கசியும் வால்வும் பழைய வீடும்

கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையில் பழைய வீடொன்றை வாடகைக்கு எடுப்போர் முதலில் அண்ணாந்து கூரையைப் பார்க்கின்றனர். நீர்க்குழாயைக் குனிந்து பார்ப்போர் மிகச் சிலரே. கூரை ஒழுகுவது மழைக்காலத்தில் மட்டுமே நம்மை வருத்தும். சுவரோரத்து வால்வில் ஊறும் கசிவோ ஆண்டு முழுவதும் உண்டு. அடியில் ஒரு கிண்ணத்தை வைத்துவிட்டு நாம் நம் வேலையைப் பார்க்கிறோம்; கிண்ணம் நிறைகிறது, சுவர் பாசி பிடிக்கிறது, ஆண்டுகள் செல்கின்றன.

நொடிக்கு ஒரு துளி வீழ்ந்தால் ஒரு நாளைக்கு 86,400 துளிகள். இருபது துளி ஒரு மில்லிலிட்டர் என்று கணக்கிட்டால், நாளொன்றுக்கு நான்கு லிட்டருக்கு மேல். மாதத்திற்கு ஏறத்தாழ 130 லிட்டர். பன்னிரண்டு லிட்டர் கொள்ளும் குடத்தால் அளந்தால் பத்துக் குடத்திற்கு மேல் ஆகிறது. குழாயில் முறை வைத்து நீர் வரும் ஊரில் பத்துக் குடம் நீர் அற்பமன்று.

இவ்வூரின் குடிநீருக்கு ஒரு வரலாறு உண்டு. சுரங்கங்களுக்கும் அவற்றைச் சார்ந்த குடியிருப்புகளுக்கும் பாலாற்றின் மீதுள்ள பேத்தமங்கலம் ஏரியிலிருந்து நீரை இறைத்துக் குழாய்வழி அனுப்பும் ஏற்பாடு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அமைந்தது. வட ஆர்க்காட்டிலிருந்து பிழைப்பை நாடி இங்கு வந்த தமிழ்க் குடும்பங்கள், தம் சொந்த மாவட்டத்தின் ஊடே ஓடும் அதே ஆற்றின் நீரையே இங்கும் பருகின. குழாயும் வால்வும் இவ்வூர் மக்களுக்குப் புதிய பொருள்கள் அல்ல. தலைமுறை தலைமுறையாகப் பிட்டர் வேலையில் கைதேர்ந்தவர்கள் இங்கு வாழ்ந்தனர். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டபின், உழைக்கும் வயதினர் பலர் நாள்தோறும் ரயிலேறிப் பெங்களூருக்குச் செல்கின்றனர். ஆகவே பகற்பொழுதில் ஒரு பிட்டரைத் தேடிப் பிடிப்பது எளிதன்று. கிடைப்பவரும் பெரும்பாலும், “வால்வையே மாற்றிவிடலாம்” என்று கூறிவிடுகிறார்.

இந்த யோசனையை ஏற்குமுன் நாம் சற்று நிதானிக்க வேண்டும். பழைய வீடுகளில் சுவருக்குள் ஓடுவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய், ஜி.ஐ. பைப் என்று கடைக்காரர் கூறுவது இதுவே. அதன் முனையில் மரை வெட்டும்போது துத்தநாகப் பூச்சு அறுபட்டுப் போகிறது. குழாயின் கனமும் அவ்விடத்தில் குறைகிறது. எனவே துரு முதலில் தின்பது மரையைத்தான். வெளியே வால்வைப் பிடித்துப் பலங்கொண்டு திருகினால், உள்ளே மரை ஒடிகிறது. பின்னர் சுவரை உடைக்க வேண்டும். உடைத்தால் அடுத்த இணைப்பும் நொறுங்கும். சிறு கயிற்றுத் துண்டில் முடியவேண்டிய காரியம் கொத்தனாரை அழைப்பதில் வந்து நிற்கும். வாடகை வீடானால், வீட்டுக்காரருடன் மனத்தாங்கலும் சேரும்.

அப்படியானால் செய்யத்தக்கது யாது? நீர் எங்கிருந்து புறப்படுகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். நீர் கீழ்நோக்கி வழியுமாதலால், சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. வால்வை உலர்ந்த துணியால் நன்கு துடைத்துவிட்டு, அதன் பல பகுதிகளிலும் செய்தித்தாள் துண்டுகளைச் சுற்றி வையுங்கள். எத்துண்டு முதலில் நனைகிறதோ அதுவே குற்றவாளி. குழாயும் வால்வும் சேரும் மரையில் நனைந்தால் இணைப்பின் பழுது. மூடிய பின்னும் வாய் வழியே சொட்டும் குழாயானால் உள்ளேயுள்ள வாசர் தேய்ந்திருக்கிறது. வால்வின் உடலிலேயே ஊசித்துளை விழுந்திருந்தால் அதற்கு மருந்தில்லை, மாற்றத்தான் வேண்டும். ஆனால் பழைய சக்கர வால்வுகளில் மிகப் பெரும்பாலும் நனைவது கழுத்துப் பகுதியே.

நாம் குடியிருக்கும் வீட்டு வால்வைப் பார்வையிட்ட முதிய பிட்டர் ஒருவர், “வால்வு சாகவில்லை சார், தொண்டைதான் வறண்டிருக்கிறது” என்றார். இதைவிடத் தெளிவாக எந்த நூலும் கூறிவிட முடியாது. சக்கரத்தை நாம் திருப்பும்போது அதனோடு சேர்ந்து ஒரு தண்டு சுழல்கிறது. அது உள்ளேயுள்ள அடைப்பை உயர்த்துகிறது, தாழ்த்துகிறது. தண்டு சுழலவும் வேண்டும், அதைச் சுற்றி நீர் ஏறவும் கூடாது. இதற்காகத் தண்டைச் சுற்றி எண்ணெய் தோய்ந்த கயிற்றை அடைத்து, மேலே ஒரு நட்டால் அமுக்கி வைக்கின்றனர். ஆண்டுகள் பல ஆகும்போது கயிறு உலர்ந்து சுருங்குகிறது. நீர் அந்த இடைவெளியில் மேலேறுகிறது. அவ்வளவே நோய்.

மருத்துவமும் அதற்கேற்றதே. சக்கரத்தின் கீழுள்ள அந்த நட்டை வலப்புறமாக, ஒரு முழுச் சுற்றில் எட்டில் ஒரு பங்கு அளவே திருப்புங்கள். ஒரு ஸ்பானரால் நட்டைத் திருப்பும்போது, மற்றொன்றால் வால்வின் உடலை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் விசை முழுவதும் சுவருக்குள் இருக்கும் துருப்பிடித்த மரைக்குச் செல்லும். கசிவு நிற்கவில்லையானால் மீண்டும் அதே அளவு. சக்கரம் சுழல மறுக்கும் வரை இறுக்குவது பிழை. கயிறு நசுங்கித் தண்டு தேயும். நட்டு அசையாவிடில் வெளிப்புறத்தில் மட்டும் துருநீக்கும் எண்ணெய் சிறிது இட்டு, ஓரிரவு பொறுத்திருங்கள்.

இதிலும் தீராவிட்டால் கயிற்றை மாற்றவேண்டும். அதற்கு முன் மேல்தொட்டியை வடித்துவிடுவது நல்லது. பழைய வால்வை மூடியிருக்கிறோம் என்று நம்பி நட்டைக் கழற்றலாகாது. நட்டை உயர்த்தி, பழைய கயிற்றைத் தண்டில் கீறல் விழாமல் கொக்கியால் எடுத்து, கிராபைட் கயிறோ டெப்லான் கயிறோ நட்டு இறுகும் திசையிலேயே சுற்றி அடைக்க வேண்டும். மிகப் பழைய வால்வுகளில் கல்நார்க் கயிறு இருக்கக்கூடும். அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு. நன்றாக நனைத்து ஈரமாகவே எடுத்துக் கட்டி அப்புறப்படுத்துக. இணைப்பு மரைகளுக்குச் சணலோடு செவ்வீயப் பூச்சு இடும் பழக்கம் முன்னாளில் இருந்தது. குடிநீர்க் குழாயில் அதைச் செய்வது தகாது.

குளிர்நாடுகளில் வாழும் நம்மவர்க்கும் இது பொருந்தும். இலண்டனிலோ டொராண்டோவிலோ பழைய வீடுகளில் அறைகளைச் சூடாக்க, கொதிகலனிலிருந்து வெந்நீர் வந்து செல்லும் ரேடியேட்டர்கள் உண்டு. அவற்றின் கைத்திருகு வால்விலும் இதே தண்டு, இதே கயிறு, இதே நட்டு. வேறுபாடு ஒன்றே: கொதிகலனை நிறுத்தி, நீர் நன்றாக ஆறிய பின்னரே கை வைக்கவேண்டும்.

அந்த முதியவர் சொன்ன இன்னொரு செய்தி நமக்குப் புதிதாயிருந்தது. சுரங்கத்து நீரை இறைத்த பெரும் பம்புகளின் கழுத்தில் துளித்துளியாகச் சிறிது நீர் கசிந்துகொண்டே இருக்க வேண்டுமாம். விடாது சுழலும் தண்டுக்கு அந்நீரே குளிர்ச்சி. முற்றிலும் இறுக்கினால் கயிறு சூடேறிக் கருகிவிடும். சுரங்கம் மூடப்பட்டுப் பம்புகள் நின்றபின் ஆழத்தில் நீர் ஏறி நிறைந்துவிட்டது. வீட்டு வால்வு அவ்வாறு சுழல்வதன்று. அங்கே ஒரு துளியும் ஆகாது.

வேலை முடிந்தபின் வால்வை மெல்லத் திறந்து, உலர்ந்த காகிதத்தை மீண்டும் சுற்றி வையுங்கள். மறுநாள் நீர் வரும் வேளையில் அழுத்தம் கூடும். அப்பொழுதும் காகிதம் உலர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அதன்பின் திங்களுக்கு ஒரு முறை சக்கரத்தை முழுவதும் மூடித் திறந்து வந்தால், உப்புப் படிந்து இறுகிப் போகாது.