கும்பிடாத பூசாரி

ஞாயிறு மாலைகளில் நமது இரயில்வே குடியிருப்பின் பக்கமாக வர நேர்ந்த அன்பர்கள், நம் வீட்டுக் கூடத்தில் நான்கு பிள்ளைகள் வட்டமாக அமர்ந்து பகடை உருட்டுவதையும், நடுவே நாம் ஒரு தடித்த நூலை மடிமீது வைத்துக்கொண்டிருப்பதையும் கண்டிருப்பர். "என்ன, சூதாட்டமா?" என்று நம் சங்கத்துப் பெரியவர் ஒருவர் நேராகவே கேட்டுவிட்டார். சூதாட்டமன்று. காசு ஏதும் கைமாறுவதில்லை; சுண்டல்தான் செலவாகிறது.

ஆட்டத்தின் பெயர் 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்'. அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னஸன் என்னும் இருவர் அமைத்து, 1974-ஆம் ஆண்டில் வெளியிட்டது. ஒருவர் கதையை நடத்திச் செல்வார். மற்றவர் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, அக்கதைக்குள் புகுந்து, தாம் செய்வது இன்னதென்று வாயால் சொல்வர். அது பலித்ததா என்பதை இருபது முகமுடைய பகடை கூறும். நம் பிள்ளைகளுக்கு நடத்துநர் நாமே. பகலெல்லாம் பார்சல் ஆபீசில் பேரேடு எழுதும் கை, மாலையில் பூதங்களின் உயிர்க் கணக்கை எழுதுகிறது.

இவ்வாட்டத்தில் பூசாரி என்றொரு பாத்திரம் உண்டு. அது பிறந்த கதையே வேடிக்கையானது. மினியாபொலிஸ் வட்டாரத்தில் ஆர்னஸன் தம் நண்பர்களுடன் ஆடிவந்த ஆட்டத்தில், ஒருவர் இரத்தங் குடிக்கும் பேயாகி, எவருக்கும் அடங்காதவராய் வளர்ந்துவிட்டாராம். அவரை எதிர்க்கவே, திரைப்படங்களில் பேயை ஓட்ட வரும் வேட்டைக்காரரைப் போல இப்பாத்திரத்தை உண்டாக்கினர். காயம் ஆற்றும் பொறுப்பும் பூசாரிக்கே வந்து சேர்ந்தது. 1974-ஆம் ஆண்டின் விதிப்படி, முதற்படியில் உள்ள பூசாரிக்கு மந்திரம் ஒன்றுகூடக் கிடையாது. இரண்டாம் படியில்தான் ஒன்று கிட்டும். நம் இலாகாவின் உத்தியோக உயர்வு நினைவுக்கு வருகிறது.

நிற்க. நம் அக்காளின் கணவர் மூன்று ஆண்டுகளுக்கு முன் காலமானார். நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அந்த நாற்பது நாளும் அக்காள் நேர்ந்துகொள்ளாத தெய்வமில்லை. அப்போது பதினான்கு வயதான மகனும் தாயோடு கோயில் கோயிலாக ஏறி இறங்கினான். அதன் பின்னர் அவன் திருநீறு இட்டுக்கொள்வதில்லை. அக்காள் பிள்ளைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு இங்கே நாகபுரிக்கு நம்மிடமே வந்துவிட்டாள். மகன் விளக்குக்கு முன் நிற்பதில்லை என்று நம்மிடம் சொல்லி அழுவாள். நாம் மறுமொழி கூற அறியாதிருந்தோம்.

ஆட்டம் தொடங்கிய அன்று, காயம் ஆற்ற ஒருவர் வேண்டுமே என்று பிள்ளைகள் விழித்தபோது அவனே முன்வந்தான்.

"நான் பூசாரியாக இருக்கிறேன் மாமா. ஆனால் என் பூசாரி சாமியை நம்பமாட்டான்."

"நம்பாதவனுக்கு மந்திரம் எங்கிருந்தடா வரும்?"

"அதை நீங்கள்தானே சொல்லவேண்டும்? நீங்கள்தானே நடத்துநர்?"

இதற்கு விடை தேடிப் பல இரவுகள் நூல்களைப் புரட்டினோம். நம்மிடமிருந்த மெட்ரிகுலேஷன் ஆங்கிலத்துக்கு அகராதி துணை நின்றது. இக்கேள்வியை முன்னரே பலர் கேட்டிருக்கின்றனர் என்பது அப்போதுதான் தெரியவந்தது. 2000-ஆம் ஆண்டில் வந்த மூன்றாம் பதிப்பு, எத்தெய்வத்தின் பெயரும் இன்றி, ஒரு கொள்கையைப் பற்றி நின்றே பூசாரி வல்லமை பெறலாம் என்று இடங்கொடுக்கிறது. 1994-இல் வெளியான 'பிளேன்ஸ்கேப்' என்னும் கதையுலகில் 'அதார்' என்றொரு கூட்டத்தார் உண்டு (நம் அடையாள அட்டை அன்று). தெய்வங்கள் என்போர் வல்லமை மிகுந்தவர்களேயன்றி வணங்கத் தக்கவர் அல்லர் என்பது அவர்களது கட்சி. 2004-இல் வந்த 'எபரான்' உலகிலோ தெய்வங்கள் எவர் கண்ணிலும் படுவதில்லை. அங்கே இருக்கிறாரா இல்லையா என்ற வழக்கு, நம் ஊரில் உள்ளது போலவே தீராமல் கிடக்கிறது.

இங்கேதான் ஒரு நுட்பம் உள்ளது. காலைதோறும் மந்திரம் வந்து சேரும் உலகில், கண்ணெதிரே புண் ஆறும் உலகில், 'தெய்வம் இல்லை' என்று ஒருவன் சொன்னால் அது பொருந்தாது. அவன் சொல்லக்கூடியதெல்லாம் 'வணங்கேன்' என்பதே. இல்லை என்பது ஒன்று, வணங்கேன் என்பது முற்றிலும் வேறொன்று. நம் மருமகன் பேச்சைக் கூர்ந்து கேட்டபோது, அவன் பூசாரியும் இரண்டாவதையே சொல்லிக்கொண்டிருந்தான் என்பது விளங்கிற்று. 'ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்' என்னும் உலகைப் பற்றிய பழைய நூல்களில், எத்தெய்வத்தையும் பற்றாது இறந்தோரின் உயிர்களை ஒரு மதிலில் வைத்துக் கட்டிவிடுவதாக வரும். அதைப் படித்துக் காட்டியதும், "இப்படி மதில் கட்டுகிறவரைக் கும்பிட வேறு வேண்டுமா?" என்றான். நமக்கும் அது நியாயமாகவே பட்டது.

ஆகவே நாம் செய்த தீர்ப்பு இது: நம் ஆட்டத்தில் தெய்வம் உண்டு, ஏன் கொடுக்கிறது என்று சொல்லாது, அனுப்பியவர் பெயர் மழையில் அழிந்துபோன பார்சலைப் போல, மந்திரங்கள் காலைதோறும் அவன் பெயருக்கு வந்து சேரும். அவன் கையெழுத்திட்டு எடுத்துக்கொள்ளலாம். நன்றி கூற வேண்டியதில்லை. அக்காளுக்கு இது சிறிதும் பிடிக்கவில்லை. "பூசை செய்யாத பூசாரியா? விளையாட்டிலுமா இது, தம்பி?" என்றாள்.

இரண்டாண்டு ஆடி, சென்ற மழைக்காலத்தில் அவன் பத்தாம் படியை எட்டினான். நாங்கள் கைக்கொள்ளும் 2014-ஆம் ஆண்டு நூலில், பத்தாம் படிப் பூசாரி தன் தெய்வத்தை நேரே உதவிக்கு அழைக்கலாம். வேண்டுவது இன்னதென்று சொல்லி நூறு வரையுள்ள பகடையை உருட்டவேண்டும். தன் படியின் எண்ணோ அதற்குக் குறைந்ததோ விழுந்தால் தெய்வம் வரும். நூற்றுக்குப் பத்து. (2024-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இப்பகடையை எடுத்துவிட்டனர், நாங்கள் பழையதையே வைத்துக்கொண்டோம்.) தன் தாளில் அவ்வரியைப் பென்சிலால் அடித்துவிட்டான் மருமகன்.

நான்கு வாரம் கழித்து, வெள்ளம் புரளும் ஓர் ஆற்றின் அக்கரையில் அவன் தங்கை ஏற்றிருந்த வில்லாளி அடிபட்டு விழுந்தாள். விழுந்தவர் முறைதோறும் பகடை உருட்டவேண்டும். பத்துக்குக் கீழே மூன்று முறை விழுந்தால் மரணம். அப்பெண்ணுக்கு இருமுறை தவறிவிட்டது. பூசாரியிடம் மந்திரம் எல்லாம் தீர்ந்திருந்தது; அந்த முறைக்குள் ஆற்றைக் கடக்கவும் வழியில்லை. அடித்த வரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவன், நூறு வரையுள்ள பகடையை எடுத்தான்.

"என்ன வேண்டுகிறாய் என்று சொல்லவேண்டும்," என்றோம்.

"தங்கச்சி சாகக்கூடாது," என்றான். வில்லாளியின் பெயரை அவன் சொல்லவில்லை. கீரை ஆய்ந்துகொண்டிருந்த அக்காளின் கை நின்றது.

43 விழுந்தது.

விதியைத் தளர்த்த நடத்துநருக்கு உரிமை உண்டு. தெய்வம் வந்ததாகச் சொல்ல நம் நாவு துடித்தது உண்மை. சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இரக்கத்தினால் என்று அவன் கண்டுகொண்டிருப்பான். நாற்பது நாளுக்குப் பிறகு, வந்ததாகச் சொல்லப்படும் தெய்வம் அவனுக்கு வேண்டியிராது. ஆயினும் அவன் முகத்தைப் பார்த்தபோது நாம் செய்தது சரிதானா என்ற ஐயம் எழாமலில்லை.

தங்கை தன் பகடையை உருட்டினாள். 12. பிழைத்து நின்றாள். அடுத்த முறையில் அவன் ஆற்றில் குதித்து அக்கரை ஏறினான். மந்திரமின்றி, மேற்சட்டையைக் கிழித்துக் கட்டுப்போட்டான். அக்காள் மறுபடியும் கீரையை எடுத்துக்கொண்டாள். யாரும் ஒன்றும் பேசவில்லை.

அன்றிரவு பாய் விரிக்கும்போது கேட்டான்: "அந்த அழைப்பு தவறிவிட்டால் மறுபடி எப்போது கேட்கலாம் மாமா?"

"ஓர் இரவு உறங்கி எழுந்தால் கேட்கலாம் என்பது விதி."

"கேட்கமாட்டான். விதி என்ன என்றுதான் கேட்டேன்," என்று விளக்கை அணைத்தான்.

வரும் ஞாயிறு நமக்கு இரவு முறை. ஆட்டம் அதற்கடுத்த வாரம்.