ஈசியூ மேல் பழி போடுமுன்

விருத்தாசலத்திலிருந்து சேத்தியாத்தோப்பு போகும் சாலையில் கம்மாபுரம் இருக்கிறது. நெய்வேலி அனல்மின் நிலையச் சாம்பல், ஆலைக்குப் போகும் கரும்பு, நெல் மூட்டை என்று எதையாவது ஏற்றிய லாரிகள் இந்தப் பக்கம் ஓடிக்கொண்டே இருக்கும். பத்து வயதைத் தாண்டிய வண்டிகளும் அவற்றில் உண்டு. அப்படி ஒரு வண்டி நடுவழியில் இழுவை குறைந்து முக்குகிறது. டேஷ்போர்டில் என்ஜின் விளக்கு எரிகிறது. மறுநாள் காலை செல்ஃப் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை. யாரோ ஒருவர் சொல்லிவிடுவார்: "ஈசியூ போயிடுச்சு."

என்ஜினை நடத்தும் கணினிக்குத்தான் ஈசியூ என்று பெயர். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய அலுமினியப் பெட்டி, பக்கத்தில் கொத்துக் கொத்தாக ஒயர் நுழையும் கப்ளர். பழைய லாரிகளில் டீசலை அளந்து கொடுத்தது பம்புதான்; எல்லாம் இரும்பு வேலை. புகைக் கட்டுப்பாடு இறுக இறுக அந்தப் பொறுப்பு கணினியின் கைக்கு வந்தது. பாரத் ஸ்டேஜ்-3 விதி 2010இல் நாடு முழுக்க விரிந்தது. 2017 ஏப்ரல் 1இல் நான்காம் கட்டமும், 2020 ஏப்ரல் 1இல் ஆறாம் கட்டமும் வந்தன.

அதன் வேலையின் வேகத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆறு சிலிண்டர் டீசல் என்ஜின் நிமிடத்துக்கு 2000 சுற்று சுற்றினால், நொடிக்கு 100 முறை டீசல் பாய வேண்டும். எந்த நொடித்துளியில், எவ்வளவு நேரம் என்பதை ஒவ்வொரு முறையும் ஈசியூ முடிவு செய்கிறது. ஆனால் அது உட்கார்ந்த இடத்தை விட்டு நகராத கணக்குப்பிள்ளை. சுற்று வேகம், ஆக்ஸிலேட்டர் மிதி, தண்ணீரின் சூடு, டீசல் அழுத்தம் என எல்லாவற்றையும் சென்சார்கள் சொல்லித்தான் அறிகிறது. சேதி கொண்டுவரும் ஒயர் பொய் சொன்னால் கணக்கும் பொய்த்துவிடும். அதனால்தான் கோளாறு தேடுகிறவர் பெட்டியைக் கடைசியில் சந்தேகிக்க வேண்டும்.

முதலில் ஸ்கேனரை மாட்டி, கோளாறைக் குறிக்கும் எண்களை, அதாவது கோடை, படிப்பார்கள். கனரக வண்டிகளில் பரவலாக உள்ள ஜே1939 முறையில் 110 என்ற எண் என்ஜின் தண்ணீரின் சூட்டைக் குறிக்கும். அதோடு 3 வந்தால் அந்த வழியில் வோல்டேஜ் அளவுக்கு மேல் என்று பொருள். சென்சார் கெட்டிருக்கலாம், ஒயர் அறுந்திருந்தாலும் அதே கோடுதான் வரும். கோடு தெருவைக் காட்டும், வீட்டைக் காட்டாது. அதே முறையில் 629, அதோடு 12 வந்தால்தான் பெட்டி தன்னையே குறை சொல்கிறது. அப்போதும் அதற்குப் போகும் கரண்டைச் சோதிக்காமல் நம்பக்கூடாது.

அடுத்தது மல்டிமீட்டர். லாரியில் 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுக்கிறார்கள். கப்ளரைக் கழற்றி மீட்டர் வைத்தால் 24 காட்டலாம், அதில் ஏமாந்துவிடக்கூடாது. ஒரே ஒரு இழையில் தொங்கும் ஒயரும் மீட்டருக்கு 24 வோல்ட் காட்டும். அங்கே 21 வாட் பல்பை மாட்டிப் பார்த்தால் குட்டு வெளிப்படும்: மங்கலாக எரிந்தால் ஒயரிலோ ஃபியூஸிலோ எர்த்திலோ கோளாறு. சேஸிஸில் எர்த் ஒயரை முடுக்கிய போல்ட் துருப்பிடிப்பது பழைய வண்டிகளுக்கு வழக்கமான நோய்.

பிறகு 5 வோல்ட். பல சென்சார்களுக்கு ஈசியூ இந்த அளவில்தான் மின்சாரம் கொடுக்கிறது. ஒரு சென்சார் ஷார்ட் ஆனாலும் அந்த வழி மொத்தமும் படுத்துவிடும். பார்ப்பவருக்குப் பெட்டியே செத்ததுபோல் தோன்றும். சென்சார் கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்புகிறதோ அதுவே குற்றவாளி. ஸ்கேனரே பேசாவிட்டால், பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஈசியூ சேதி பேசும் கேன் ஒயர் இரண்டுக்கும் நடுவில் அளக்கலாம். 60 ஓம் இருந்தால் சரி. 120 வந்தால் ஒரு முனையின் இணைப்பு விட்டிருக்கிறது.

இத்தனையும் சரியாக இருந்து, கப்ளர் பின்களில் பச்சை பூத்திருந்தாலோ, உள்ளே தண்ணீர் போயிருந்தாலோதான் பெட்டியின் மேல் கைவைக்க வேண்டும். 2015 நவம்பரில் கடலூர் மாவட்டம் கண்டதுபோன்ற வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் இந்தச் சந்தேகம் வலுக்கும்.

மாற்றுவது ஸ்பேனர் வேலை மட்டும் என்று நினைக்க வேண்டாம். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பெட்டிகளுக்குள் வேறு வேறு மென்பொருள் இருக்கலாம். பார்ட் நம்பர், மென்பொருள் நம்பர் இரண்டும் பொருந்த வேண்டும். காமன் ரெயில் என்ஜின்கள் பலவற்றில், டீசலைப் பாய்ச்சும் இன்ஜெக்டர் ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு குறியீடு பொறித்திருக்கும். அது அந்த இன்ஜெக்டரின் சிறு ஏற்றத்தாழ்வைச் சொல்கிறது. அதைப் புதுப் பெட்டியில் பதியாவிட்டால் வண்டி கிளம்பினாலும் புகையும் தட்டும் சத்தமும் வரக்கூடும். பழைய பெட்டி கொஞ்சமாவது பேசினால், அதிலுள்ள தரவை முதலில் படித்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். திருட்டுத் தடுப்புப் பூட்டு உள்ள வண்டியில் சாவியோடும் பெட்டியைச் சேர்த்துவைக்க வேண்டும். பழைய பொருள் கடையில் மலிவாகக் கிடைக்கும் பெட்டி பல நேரம் வேலைக்கு ஆகாமல் போவது இதனால்தான்.

பெட்டியைக் கொல்வது நாமாகவும் இருக்கலாம். பாடியில் வெல்டிங் வைக்கும்போது பாயும் கரண்ட் சில நேரம் ஈசியூ வழியாக எர்த் தேடும். ஆகவே வெல்டருக்கு வண்டியைக் கொடுக்குமுன் பேட்டரி ஒயர் இரண்டையும், ஈசியூ கப்ளரையும் கழற்றிவிடுங்கள். எர்த் கிளாம்ப்பை வெல்டிங் வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டச் சொல்லுங்கள். கழற்றி மாட்டப் பத்து நிமிடம் போதும்.