அநாதைப் படகுகளின் அந்திமக் கிரியை

நம் கடற்கரைக் கிராமங்களில் ஒரு கட்டுமரம் கிழமாகிவிட்டால் அதைப் பற்றி யாரும் சட்டசபையில் கேள்வி கேட்பதில்லை. உளுத்த கட்டை அடுப்புக்குப் போகும்; கயிறு வேறு காரியத்துக்கு உதவும்; மிஞ்சியதைக் கரையானும் உப்புக் காற்றும் கவனித்துக் கொள்ளும். ஆனால், கண்ணாடி இழையையும் பிசினையும் சேர்த்துச் செய்கிறார்களே 'பைபர்' படகு, அதற்கு இந்தச் சுலபமான மோட்சம் கிடையாது. அது உளுத்துப் போவதில்லை, மக்குவதில்லை, எரித்தாலோ நச்சுப் புகைதான் லாபம். சொந்தக்காரருக்கு வேண்டாமற் போன பிறகும் அது எங்கேயாவது கிடந்தே தீரவேண்டும். அதை யார் அகற்றுவது, யார் செலவில் அகற்றுவது என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்விக்கு மெனக்கெட்டு விடை தேடிய சர்க்கார்களில் ஒன்று, அமெரிக்காவின் வடமேற்கு மூலையிலுள்ள வாஷிங்டன் ராஜ்யத்துச் சர்க்கார். (ஜனாதிபதி வசிக்கும் தலைநகரம் வேறு, இது ஸியாட்டில் நகரம் இருக்கும் ராஜ்யம்.) அங்கே கடல் நிலத்துக்குள் வெகுதூரம் புகுந்து கிளை கிளையாய்ப் பிரிந்திருக்கிறது. ஆகவே, படகு வைத்திருப்போர் அநேகர்.

படகு எப்படி அநாதையாகிறது? வசதியுள்ளவர் ஒருவர் புதிதாக வாங்குகிறார். வயதானதும் குறைந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார். வாங்கியவர் அதிலும் குறைந்த விலைக்கு வேறொருவர் தலையில் கட்டுகிறார். கடைசியில் அது, துறை வாடகையும் பழுது பார்க்கும் கூலியும் கொடுக்கச் சக்தியற்ற ஒருவர் கைக்குச் சும்மாவே வந்து சேர்கிறது. வீட்டு வாடகைக்கு வழியில்லாதவர்கள் சிலர் அத்தகைய படகிலேயே குடியிருப்பதும் உண்டு. ஒருநாள் அவரும் போய்விடுகிறார். படகு மட்டும் நங்கூரத்தில் ஆடிக்கொண்டு நிற்கிறது.

2002-ம் ஆண்டில் அந்த ராஜ்யம் இதற்கென்று ஒரு சட்டம் செய்தது. பொது நீர்நிலையில் ஒரு படகு அனுமதியின்றி ஒரே இடத்தில் தொடர்ந்து 30 நாட்களுக்கு மேல் நின்றாலும், ஒரு வருஷத்தில் மொத்தம் 90 நாட்களுக்கு மேல் நின்றாலும் அது கைவிடப்பட்டதாகக் கருதப்படும். உடனே இழுத்துக்கொண்டு போய்விட முடியாது. சொந்தக்காரருக்கு 20 நாள் முன்னதாகத் தபாலில் நோட்டீஸ் அனுப்பவேண்டும், படகின் மேல் நோட்டீஸ் ஒட்டவேண்டும், பத்திரிகையிலும் பிரசுரிக்கவேண்டும். கைப்பற்றிய பிறகும் 30 நாட்களுக்குள் அவர் ஆட்சேபம் தெரிவிக்கலாம். மூழ்கும் அபாயமோ, எண்ணெய் கசியும் அபாயமோ இருந்தால் மட்டும் இந்தத் தாமதம் இல்லை.

துறைமுக நிர்வாகமோ நகரசபையோ இந்தக் காரியத்தைச் செய்தால், செலவில் நூற்றுக்கு 90 பங்கு வரை ராஜ்ய நிதியிலிருந்து திரும்பப் பெறலாம். அந்த நிதிக்கு ஒவ்வொரு படகுக்காரரும் செலுத்தும் பதிவுக் கட்டணத்தில் ஒரு பகுதி போய்ச் சேருகிறது. கைப்பற்றிய படகு நல்ல நிலையில் இருந்தால் ஏலம் போடலாம். பெரும்பாலும் அந்தப் பாக்கியம் கிட்டுவதில்லை. எண்ணெயை இறைத்து, பாட்டரிகளை அகற்றி, விலைபோகும் உலோகத்தைக் கழற்றிக்கொண்டு, எஞ்சிய கூட்டை இயந்திரத்தால் நொறுக்கிக் குப்பைக் கிடங்கில் புதைக்கிறார்கள். இவ்விதம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படகுகளுக்கு அந்த ராஜ்யத்தில் அந்திமக் கிரியை நடந்திருக்கிறது.

சட்டம் இருந்தும் காலம் தாழ்த்தினால் என்ன நேரும்? 2011-ம் ஆண்டில் கொலம்பியா நதியில் 'டேவி கிராக்கெட்' என்ற 430 அடி நீளமுள்ள பழைய கலத்திலிருந்து எண்ணெய் கசிந்தது. பழைய இரும்புக்கு ஆசைப்பட்டு அதை முறைகேடாக உடைக்கப் போக, அது நடுவில் பிளந்துவிட்டது. நதியில் அதைச் சுற்றித் தடுப்புச் சுவர் எழுப்பித் துண்டு துண்டாக அகற்றியதில் பொதுப் பணம் 2 கோடி டாலருக்கு மேல் கரைந்தது. சொந்தக்காரருக்குக் கிடைத்த சிறைத் தண்டனை நான்கு மாதம்! மறு வருஷம் மே மாதத்தில், 'டீப் ஸீ' என்ற பழைய நண்டு பிடிக்கும் கப்பல் பென் கோவ் என்ற வளைகுடாவில் தீப்பற்றி மூழ்கியது. பக்கத்திலேயே சிப்பிப் பண்ணை. எண்ணெய் படர்ந்ததும் அறுவடை நின்றது. ஒரு பாவமும் அறியாத தொழிலாளிகளின் பிழைப்பில் மண் விழுந்தது.

மிதக்கும் படகை அகற்றுவது சில்லறைச் செலவு. மூழ்கிய படகை அகற்றுவது கஜானாவைக் காலி செய்யும் செலவு. இதை உணர்ந்த ராஜ்யம், 2014 முதல் 65 அடிக்கு மேற்பட்டதும் 40 வயது கடந்ததுமான கலத்தை விற்பவர், முதலில் அதைப் பரிசோதனை செய்விக்கவேண்டும் என்று விதித்தது. வாங்குபவர் இன்ஷூரன்ஸ் செய்திருக்கவேண்டும். சர்க்கார் இலாகாக்களும் தங்கள் ஓட்டைக் கலங்களை ஏமாந்தவர் தலையில் கட்டக்கூடாது. 45 அடிக்குக் குறைந்த படகை அகற்ற வகையில்லாத ஏழைச் சொந்தக்காரர், அதை மனமுவந்து ஒப்படைத்துவிடவும் வழி செய்தார்கள். தண்டிப்பதைக் காட்டிலும் இது எவ்வளவோ மேல் என்பது நம் அபிப்பிராயம்.

இந்தக் கதை நமக்கு எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். 2004-ம் ஆண்டுச் சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கரையில் கட்டுமரத்தின் இடத்தைப் பெரும்பாலும் பைபர் படகுகளே பிடித்துக்கொண்டன. நம் மீனவர் உல்லாசப் படகு வைத்திருக்கும் சீமான் அல்ல. உழைத்து ஓய்ந்த படகைப் புதைக்கும் செலவையும் அவர் தலையில் சுமத்துவது தர்மமாகாது. படகு புதிதாக விற்கும்போதே, செய்பவரும் விற்பவரும் அதன் கடைசி நாளுக்கென்று ஒரு சிறு தொகையை எடுத்து வைக்கச் சட்டம் செய்தால் என்ன? கடற்கரை எல்லோருக்கும் சொந்தம். எல்லோருக்கும் சொந்தமானதை யாரும் கவனிக்காமல் விடுவது வழக்கம். அந்த வழக்கத்தை மாற்றுவதற்குத்தானே நமக்கென்று ஒரு சர்க்கார் வேண்டும் என்று பாடுபட்டோம்!